பாறை ஒன்று, விதி இரண்டு: எல்லைக் கிராமங்களில் கான்கிரீட்டின் விலையையும் தரத்தையும் தீர்மானிப்பது எது?

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை ஒட்டி அமைந்துள்ள எல்லைப்புற ஊராட்சி கொல்லயில். இங்கு ஒரு வீட்டுக்கு மேல்தள வார்ப்புப் போடும்போது, சிமெண்ட் எந்த ஆலையில் இருந்து வந்தது என்பதைவிட ஜல்லியும் எம்-சாண்டும் எந்தப் பாறையில் இருந்து வந்தன என்பதே பெரிய கேள்வியாக நிற்கிறது. சற்றுத் தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கிருந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் தொடங்குகிறது. தென் கேரளத்தின் கட்டுமானத் தொழில் பயன்படுத்தும் கல்லிலும் எம்-சாண்டிலும் கணிசமான பகுதி இந்த எல்லையைக் கடந்தே வருகிறது.

2023 ஏப்ரலில் கேரள அரசு சிறுகனிமங்களுக்கான கட்டணங்களை உயர்த்தியபோது அம்மாநிலத்தின் குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கனிமவள நில வரி நடைமுறைக்கு வந்தபோது இங்குள்ள குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தனர். அரசுடன் பேச்சுவார்த்தை நடந்து சலுகைகள் அறிவிக்கப்பட்ட பின்னரே அது முடிவுக்கு வந்தது. இரண்டும் வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவை. ஆனால் எல்லைக் கிராமங்களின் கட்டுமானச் சந்தையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே சந்தையின் இரு முனைகளில் ஏற்பட்ட அசைவுகள்.

கான்கிரீட் தொழிலுக்கு ஏன் வட்டார அளவிலான சங்கங்கள் தேவைப்படுகின்றன, அவை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, வீடு கட்டும் குடும்பத்துக்கு இதில் என்ன தொடர்பு என்பதை இப்பகுதியின் நிலவரத்தைக் கொண்டு பார்க்கலாம்.

கான்கிரீட் ஏன் வட்டாரப் பொருள்?

சிமெண்ட் மூட்டை பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யும். கான்கிரீட்டால் அவ்வாறு பயணம் செய்ய முடியாது. ஆலையில் கலந்து லாரியில் அனுப்பப்படும் ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 4926. இதன்படி, இறுகுவதைத் தாமதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்க்கப்படாவிட்டால், கலவையை ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் அது கட்டுமான இடத்தில் முழுவதுமாக இறக்கப்பட வேண்டும். எனவே எந்தக் கலவை ஆலைக்கும் அது சேவை செய்யக்கூடிய வட்டம் சிறியதே. அந்த வட்டத்துக்குள் ஒரு மாநில எல்லை ஓடினாலும் கலவை காத்திருக்காது.

இரண்டாவது காரணம் எடை. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. வழக்கமான வீட்டுக் கலவையில் சிமெண்ட் 320 முதல் 350 கிலோ வரையிலும், நீர் 160 முதல் 180 கிலோ வரையிலும் இருக்கும். எஞ்சிய சுமார் 1,900 கிலோவும் ஜல்லியும் மணலுமே. அதாவது கான்கிரீட் என்று நாம் அழைப்பதில் ஐந்தில் நான்கு பங்கு கல்தான். கல்லின் விலையில் வெட்டுக்கூலியைவிட லாரி வாடகை விரைவாக ஏறிவிடுவதால், தொலைவு கூடக் கூட அதன் பொருளாதாரம் கட்டுப்படியாகாமல் போகிறது.

ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். 1,000 சதுர அடி வீட்டுக்கு 12 சென்டிமீட்டர் தடிமனில் மேல்தளம் அமைத்தால் சுமார் 11 கன மீட்டர் கான்கிரீட் தேவைப்படும். அதில் கல்லும் மணலும் ஏறத்தாழ 21 டன். சிமெண்ட் சுமார் 73 மூட்டை. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரியுடன் 350 ரூபாய்க்கு விற்ற மூட்டையின் மீது இந்தக் குறைப்பு முழுமையாக வந்து சேர்ந்தால் மூட்டைக்கு 27 ரூபாய் மிச்சமாகும். மேல்தளம் முழுமைக்கும் ஏறத்தாழ 2,000 ரூபாய். அதே வேளையில் ஜல்லியும் எம்-சாண்டும் டன்னுக்கு 100 ரூபாய் உயர்ந்தால் கூடுதல் செலவு 2,100 ரூபாய். நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட வரிக் குறைப்பின் பலன் உள்ளூர்க் கல்லின் சிறிய விலையேற்றத்தில் கரைந்துவிடும்.

அடித்தளம், தூண், பூச்சு, ஹாலோ பிளாக் ஆகியவற்றையும் சேர்த்தால் கல்லின் பங்கு இன்னும் கூடும். கட்டுமானச் செலவு குறித்த செய்திகளில் சிமெண்ட் விலையே தலைப்பாகிறது என்றாலும், எல்லைக் கிராமங்களின் கணக்கில் கல்லே முதலிடம் பெறுவது இதனால்தான்.

பாறைக்குத் தெரியாத எல்லை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியில் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. அதுவரை ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்த அண்டை ஊர்கள் இரு மாநிலங்களாயின.

சந்தை அவ்வாறு பிரியவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்தப் பகுதியில் உறவும் வணிகமும் எல்லையின் இரு புறமும் தொடர்கின்றன. ஒரு கரையில் ஜல்லி எனப்படுவது மறு கரையில் மெட்டல் எனப்படுகிறது, பொருள் ஒன்றே. நிலத்தடியிலும் அதே நிலைதான். சார்னோகைட், கோண்டலைட் எனப்படும் மிகப் பழமையான கடினப் பாறைகள் தெற்குக் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் தொடர்ச்சியாகப் பரவியுள்ளன. பாறை ஒன்றாக இருந்தாலும் அதை வெட்டவும் உடைக்கவும் ஏற்றிச் செல்லவும் விதிகள் இரண்டாக உள்ளன.

ஆற்று மணலில் இருந்து எம்-சாண்டுக்கு

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இப்பகுதி வீடுகள் ஆற்று மணலில் எழுந்தவை. நெய்யாறு, குழித்துறை ஆறு போன்றவை அந்தத் தேவையைச் சுமந்தன. மணல் அள்ளுதல் ஆற்றின் படுகையையும் கரையையும் கிணற்று நீர்மட்டத்தையும் பாதித்தபோது கட்டுப்பாடுகள் வந்தன. கேரளம் 2001ஆம் ஆண்டில் ஆற்றங்கரைப் பாதுகாப்பு மற்றும் மணல் அள்ளுதல் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. தமிழ்நாடு 2003ஆம் ஆண்டில் ஆற்று மணல் குவாரிகளை அரசே நடத்தும் முறையைக் கொண்டுவந்தது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவு, 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்ற நிலையை உருவாக்கியது.

இந்த இடைவெளியை எம்-சாண்ட் நிரப்பியது. கருங்கல்லை உடைத்து, சலித்து, கழுவி உருவாக்கப்படும் இந்த மணலைக் கான்கிரீட்டில் பயன்படுத்துவதற்கான அளவுகோல்கள் ஐஎஸ் 383 தரநிலையில் உள்ளன. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட இத்தரநிலை மறுசுழற்சி செய்யப்பட்ட கான்கிரீட் ஜல்லிக்கும் வரம்புகளுடன் இடமளித்தது. தமிழ்நாடு அரசு 2023இல் எம்-சாண்டுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

ஆறு இவ்வாறு ஓரளவு காக்கப்பட்டது. ஆனால் சுமை மலைக்கு மாறியது. மணலும் ஜல்லியும் முன்னர் இரு வேறு இடங்களில் இருந்து வந்தன. இப்போது இரண்டுமே பாறையில் இருந்து வருகின்றன. குவாரி ஒன்று நின்றால் இரண்டும் ஒருசேர நிற்கின்றன. 2023, 2025 வேலைநிறுத்தங்கள் கட்டுமானப் பணிகளை உடனடியாகத் தொட்டதற்கு இதுவே காரணம்.

இரு மாநிலங்களின் விதிகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

குடியிருப்புக்கும் குவாரிக்கும் இடையே இருக்க வேண்டிய தொலைவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959இன்படி குடியிருப்புப் பகுதியில் இருந்து 300 மீட்டருக்குள் குவாரி அமைக்க முடியாது. கேரளத்தின் 2015ஆம் ஆண்டு சிறுகனிமச் சலுகை விதிகளில் 100 மீட்டராக இருந்த தொலைவு 2017இல் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. வெடி வைத்து உடைக்கும் குவாரிகளுக்கு 200 மீட்டர் இடைவெளி வேண்டும் என 2020 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அது உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வழக்குகளுக்கு வழிவகுத்தது.

போக்குவரத்திலும் விதிகள் வேறு. சட்டவிரோதக் கனிம வெட்டு, போக்குவரத்து, இருப்பு ஆகியவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு விதிகளும் கேரளத்தில் 2015ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. கன்னியாகுமரியில் ஏற்றப்படும் ஒவ்வொரு லோடுக்கும் தமிழ்நாட்டின் நடைச்சீட்டு வேண்டும். எல்லையைக் கடந்து இறக்கி, இருப்பு வைத்து, விற்பனை செய்யும்போது கேரளத்தின் விதிகள் தொடங்குகின்றன. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. ஆயினும் கனிமம், எடை, வாகனம் தொடர்பான சோதனைகள் நீடிக்கின்றன.

வரி விதிப்பில் அண்மைய மாற்றம் முக்கியமானது. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 8:1 என்ற பெரும்பான்மையில், கனிமத்துக்கான ராயல்டி என்பது வரி அன்று என்றும், கனிமவளம் உள்ள நிலத்தின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில் தமிழ்நாடு சட்டப்பேரவை 2024 டிசம்பரில் கனிமவள நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்ற வரி சிமெண்ட் ஆலைகளையும், சாதாரணக் கருங்கல் மீதான வரி கிரஷர்களையும் தொட்டது.

இந்த வரி தமிழ்நாட்டின் கருவூலத்துக்குச் செல்கிறது. ஆனால் அந்தக் கல்லை வாங்குபவர் கொல்லயிலில் வீடு கட்டுபவராக இருந்தால், அதன் சுமை அவருடைய விலைப்பட்டியலிலும் ஏறும். வரி குறித்துச் சென்னையில் நடந்த பேச்சுவார்த்தையில் அவருக்கு இடமில்லை. அவருடைய மாநில அரசுக்கும் அதில் பங்கில்லை.

தேவையை உயர்த்திய திட்டங்கள்

கல்லுக்கான தேவை வீடுகளோடு நின்றுவிடவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பரில் பணிகள் தொடங்கின. ஆழ்கடலில் சுமார் 3 கிலோமீட்டர் நீள அலைத்தடுப்புச் சுவர் எழுப்ப லட்சக்கணக்கான டன் கருங்கல் தேவைப்பட்டது. 2017 இறுதியில் வீசிய ஒக்கி புயல் கட்டுமானத்தில் இருந்த சுவரைச் சேதப்படுத்தியது. கல் தட்டுப்பாடும் பணிகளின் தாமதத்துக்குக் காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களில் இருந்தும் கல் கொண்டுசெல்லப்பட்டது. 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

தேசிய நெடுஞ்சாலை 66இல் கழக்கூட்டத்தில் இருந்து எல்லையோரக் காரோடு வரையிலான புறவழிச்சாலையும் இப்பகுதியில் அமைந்தது. அதில் முக்கோலா முதல் காரோடு வரையிலான சுமார் 16 கிலோமீட்டர் பகுதி தார்ச்சாலையாக இல்லாமல் கான்கிரீட் சாலையாக அமைக்கப்பட்டது. கேரளத்தின் தேசிய நெடுஞ்சாலைகளில் இதுவே முதல் கான்கிரீட் பகுதி. அதன் தொடர்ச்சியாகக் கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் தமிழ்நாட்டுப் பகுதியின் நான்குவழிச் சாலைப் பணிகள், நிரப்புவதற்கான மண் கிடைக்காததால் நீண்ட காலம் தாமதமாயின.

பெருந்திட்டம் ஒன்று அருகில் நடக்கும்போது சிறு ஒப்பந்ததாரர் இரு வகையில் பாதிக்கப்படுகிறார். மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்கே கிரஷர் முன்னுரிமை அளிக்கும். லாரிகளும் நீண்ட கால ஒப்பந்தத்தையே நாடும். ஒரு வீட்டுக்கு இரண்டு, மூன்று லோடு வாங்குபவர் வரிசையின் கடைசியில் நிற்க நேரிடுகிறது.

எதிர்ப்புக் குரல்களும் காரணமுள்ளவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் கனிமவளம் கேரளத்துக்குக் கொண்டுசெல்லப்படுவது நெடுங்காலமாகவே அரசியல் பிரச்சினை. அதிக சக்கரங்கள் கொண்ட கனரக லாரிகளால் ஏற்படும் விபத்துகள், சாலைச் சேதம், அளவுக்கு மீறிய பாரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அழிவு ஆகியவை குறித்துப் பொதுமக்களும் சூழலியல் அமைப்புகளும் தொடர்ந்து குரல் எழுப்பி வருகின்றனர். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய பகுதிகளுக்குச் சூழல் உணர்திறன் மண்டலக் கட்டுப்பாடுகளும் பொருந்துகின்றன.

குவாரிக்கு அருகில் வாழ்பவர்களின் கவலை வேறு வகையானது. வெடி அதிர்வால் சுவரில் ஏற்படும் விரிசல், கிணறு வற்றுதல், கிரஷர் தூசு ஆகியவை அன்றாடப் பிரச்சினைகள். கருங்கல் தூசில் உள்ள சிலிக்கா துகள்களைப் பல ஆண்டுகள் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய் வரலாம். தூசு பரவாமல் இயந்திரங்களை மூடுதல், நீர் தெளித்தல், பசுமை வளையம் அமைத்தல் போன்றவற்றை வலியுறுத்தி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2023இல் கல் உடைக்கும் ஆலைகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

ஆகவே கல்லைத் தடையின்றி அனுப்ப வேண்டும் என்பது மட்டும் தீர்வாகாது. அனுப்பவே கூடாது என்பதும் தீர்வாகாது. வீடு கட்டும் தேவையும் மலையடிவார மக்களின் வாழ்வும் ஒரே தராசின் இரு தட்டுகளில் உள்ளன.

சங்கம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

இந்தியாவில் கான்கிரீட் தொழிலைச் சார்ந்த அமைப்புகள் பல நிலைகளில் இயங்குகின்றன. கட்டுமான ஒப்பந்ததாரர்களுக்கான பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா 1941இல் தொடங்கப்பட்டது. கான்கிரீட் தொழில்நுட்பத்தைப் பரப்பும் இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் 1982இல் உருவாகி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பல நகரங்களில் கிளை மையங்களை நடத்துகிறது. ரெடிமிக்ஸ் உற்பத்தியாளர்களுக்கு 2002 முதல் தனிச் சங்கம் உள்ளது. இவற்றுக்குக் கீழே கிரஷர், குவாரி, ஹாலோ பிளாக், லாரி உரிமையாளர்களின் சங்கங்கள் மாநில, மாவட்ட அளவில் செயல்படுகின்றன.

அரசிடம் கோரிக்கை வைப்பது, விதி மாற்றங்களை உறுப்பினர்களுக்கு எடுத்துரைப்பது, தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, தரப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது, கண்காட்சிகளும் கருத்தரங்குகளும் நடத்துவது ஆகியவை இத்தகைய சங்கங்களின் முறையான பணிகள். விலையைக் கூடிப் பேசி நிர்ணயிப்பது அவற்றின் பணி அன்று. 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. 2012 ஜூனில் இந்தியப் போட்டி ஆணையம், கூட்டாக விலையையும் உற்பத்தியையும் கட்டுப்படுத்தியதாகக் கூறி 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. அத்தொழிலின் சங்கமும் அந்த உத்தரவில் தப்பவில்லை. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தாகி, மறுவிசாரணைக்குப் பின் 2016இல் ஆணையம் மீண்டும் அபராதம் விதித்தது. சட்டப் போராட்டம் தொடர்ந்தது.

சங்கக் கூட்டத்தில் வரி குறித்து விவாதிப்பது உரிமை. நாளை முதல் ஒரு யூனிட் ஜல்லியை இன்ன விலைக்குக் கீழ் யாரும் விற்கக் கூடாது என்று முடிவெடுப்பது சட்டமீறல். இந்தக் கோட்டைத் தெளிவாக வைத்திருக்கும் சங்கமே பொதுமக்களின் நம்பிக்கையைப் பெற முடியும்.

எல்லைப் பகுதியில் கூடுதலாக ஒரு பணி உண்டு. மாநிலச் சங்கங்கள் தத்தம் தலைநகரையே நோக்குகின்றன. கன்னியாகுமரியின் கிரஷர் உரிமையாளரும், நெய்யாற்றின்கரையின் ஹாலோ பிளாக் உற்பத்தியாளரும், லாரி ஓட்டுநரும், மலையடிவார ஊராட்சியும் ஒன்றாக அமர்ந்து பேசும் பொது மேடை இருந்தால், ஒரு மாநிலத்தின் ஏப்ரல் அறிவிப்பு மறு மாநிலத்தில் மே மாத அதிர்ச்சியாக மாறாமல் முன்கூட்டியே தயாராக முடியும்.

தரத்துக்கு எல்லை இல்லை

வரியும் நடைச்சீட்டும் எல்லையில் மாறினாலும், கான்கிரீட்டின் தரநிலை மாறுவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 456 நாடு முழுவதற்கும் பொது. அதன்படி, கம்பி வைத்த கான்கிரீட்டுக்குப் பாதிப்பு மிகக் குறைந்த சூழலில் குறைந்தபட்சம் எம் 20 தரமும், கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக ஆட்படும் இடங்களில் எம் 30 தரமும் வேண்டும். கடலோரத்தில் நீருக்கும் சிமெண்டுக்குமான விகிதம் 0.45ஐத் தாண்டக் கூடாது. உப்புக் காற்று கம்பியை அரிப்பதால், கம்பியின் மேல் இருக்க வேண்டிய கான்கிரீட் உறையும் அங்கு கூடுதலாக இருக்க வேண்டும். பூவாறு, பொழியூர், கொல்லங்கோடு போன்ற கடலோர ஊர்களுக்கு இது முக்கியம்.

எம்-சாண்டில் 75 மைக்ரானுக்கும் குறைவான நுண்தூள் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கல் தட்டுப்பாடு நேரும்போது, கழுவி எடுக்கப்பட்ட எம்-சாண்டுக்குப் பதிலாகக் கிரஷரின் கழிவான பாறைப்பொடி சந்தைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. தூள் மிகுந்தால் கலவை அதிக நீரைக் கேட்கும். நீர் கூடினால் வலிமை குறையும். காய்ந்தபின் விரிசல் தோன்றும். இதனால் விலைப் பிரச்சினை சத்தமின்றித் தரப் பிரச்சினையாக உருமாறுகிறது. வேலைநிறுத்தக் காலத்தில் வார்க்கப்பட்ட தளத்தின் குறை பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படலாம்.

கவனிக்க வேண்டிய நாட்கள்

தொழிலின் நாட்காட்டியில் ஏப்ரல் முதன்மையானது. புதிய நிதியாண்டில் கட்டணங்களும் வரிகளும் மாறுவது பெரும்பாலும் இம்மாதத்தில்தான். கட்டுமானக் கழிவு மேலாண்மைக்கான 2025ஆம் ஆண்டு விதிகள் நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டதும் 2026 ஏப்ரல் 1. 2016ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த இவை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களை மேற்கொள்வோருக்குக் கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை அளிக்கின்றன. இடிக்கப்படும் கட்டடமும் இனி ஒரு வகையில் குவாரியாகும். வலிமை தேவைப்படாத அடித்தளக் கலவைகளில் மறுசுழற்சி ஜல்லி முழுமையாகவும், எம் 25 வரையிலான கம்பி வைத்த கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் பயன்பட ஐஎஸ் 383 இடமளிக்கிறது.

ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகின்றன. இரண்டையும் பெறும் பகுதி இது என்பதால், வார்ப்பு வேலைகள் டிசம்பர் முதல் மே வரை குவிகின்றன. ஏப்ரல் வேலைநிறுத்தங்கள் இந்தப் பருவத்தின் நடுவிலேயே விழுகின்றன. செப்டம்பர் 7 அன்று இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட் கான்கிரீட் தினத்தைக் கொண்டாடுகிறது. செப்டம்பர் 15 பொறியாளர் தினம். பொறியாளர்களுக்கான கருத்தரங்குகள் பெரும்பாலும் நகரங்களிலேயே நடப்பதால், கொத்தனார்களையும் சிறு ஒப்பந்ததாரர்களையும் அவை எட்டுவது அரிது. கிராமங்களில் வார்ப்பைக் கையாள்பவர்கள் அவர்களே.

வீடு கட்டுவோர் என்ன செய்யலாம்?

முதலாவதாக, ஜல்லி, எம்-சாண்ட் லோடுக்கு ரசீதும் நடைச்சீட்டின் நகலும் கேட்டுப் பெறலாம். அது கல்லின் மூலத்தைக் காட்டும்; சட்டவிரோதக் கல்லை வாங்கும் சிக்கலில் இருந்தும் காக்கும். இரண்டாவதாக, எம்-சாண்ட் என்ற பெயரில் பாறைப்பொடி வருகிறதா என்பதை உற்பத்தியாளரின் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு சரிபார்க்கலாம்.

மூன்றாவதாக, மேல்தள வார்ப்பின்போது கனசதுர மாதிரிகள் எடுக்கச் சொல்லலாம். 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்குக் குறைந்தது இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும் என ஐஎஸ் 456 கூறுகிறது. ஒவ்வொரு மாதிரிக்கும் 15 சென்டிமீட்டர் அளவில் மூன்று கட்டிகள். 28 நாட்களுக்குப் பின் அவற்றை ஆய்வகத்தில் அழுத்திப் பார்த்தால் தளத்தின் உண்மையான வலிமை தெரியும். நான்காவதாக, கியூரிங் எனப்படும் நீராற்றலைச் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் கலந்த பிபிசி போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாட்களும் செய்ய வேண்டும். வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் முறையே 10, 14 நாட்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு, பயன் மிக அதிகம்.

தமிழ்நாட்டின் கல் தமிழ்நாட்டுக்கே என்ற குரலும், கேரளத்தின் தேவைக்குக் கல் வேண்டும் என்ற குரலும் தொடர்ந்து ஒலிக்கும். இரு அரசுகளும் வரியையும் அனுமதியையும் தனித்தனியே முடிவு செய்யும். ஆனால் இரண்டு மணி நேரத்தில் இறுகத் தொடங்கும் கலவையும், டன்னுக்கு டன் ஏறும் லாரி வாடகையும் இந்தப் பகுதியை ஒரே சந்தையாகவே வைத்திருக்கும். அந்தச் சந்தையில் கல் வெட்டுபவரும், ஏற்றிச் செல்பவரும், அருகில் வாழ்பவரும், வாங்கிக் கட்டுபவரும் ஒருவரையொருவர் கேட்டறியும் இடம் உருவாகாத வரை, ஒவ்வொரு ஏப்ரலின் சுமையும் வரிசையின் கடைசியில் நிற்கும் சிறு வீட்டின் மீதே இறங்கும்.